தாதியைப் பேணுவோர் யார்? – நியூசிலாந்தின் மாவோரித் தாதியர் கண்ட வழி

மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்று வகுத்துரைத்தார் திருவள்ளுவர். நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து, நோயாளியின் அருகிலிருந்து அம்மருந்தைக் கொடுத்துப் பேணுபவர் என்பன அந்நான்கு கூறுகளாகும். இவற்றுள் நான்காவதாகக் கூறப்பெற்றவரையே இன்று நாம் தாதி என்று அழைக்கிறோம். மருத்துவர் வந்து பார்த்துச் சென்ற பின்னர், இரவெல்லாம் விழித்திருந்து நாடியைப் பார்ப்பவரும், காயத்தைக் கழுவிக் கட்டுப் போடுபவரும், அச்சத்தால் அழும் நோயாளிக்கு ஆறுதல் கூறுபவரும் அவரே. மருத்துவமனையில் நான்கு நாள் படுத்திருந்த எவரும் இதனை மறக்கமாட்டார்.

ஆயின், பிறரைப் பேணுகின்ற அத்தாதியைப் பேணுபவர் யார்? அவருக்குக் களைப்பு உண்டாகும்போதும், வீட்டில் துக்கம் நேரும்போதும், வேலை செய்யும் இடத்தில் தாம் தனித்து நிற்பதாக அவர் உணரும்போதும் அவருக்குத் துணை நிற்பவர் யார்? இக்கேள்வியைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நியூசிலாந்து நாட்டின் பூர்வகுடியினரான மாவோரி இனத் தாதியர் இக்கேள்வியைத் துணிந்து எழுப்பி, அதற்குத் தம் மரபிலிருந்தே விடையும் கண்டிருக்கின்றனர். அவர்கள் கண்ட வழியை இக்கட்டுரையில் காண்போம். தம் பெண்மக்களைத் தாதிமைப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கும் பெற்றோருக்கும், அனுப்ப விரும்பும் பெற்றோருக்கும் இது பெரிதும் பயன்படும்.

மாவோரி மக்கள்

நம் நாட்டில் ஓராங் அஸ்லி மக்களைப் பூர்வகுடியினர் என்று குறிப்பிடுகிறோம். அதுபோலவே நியூசிலாந்தின் பூர்வகுடியினர் மாவோரி மக்கள். ஐரோப்பியர் அந்நாட்டைக் காண்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே, பசிபிக் மாகடலின் தீவுகளிலிருந்து பெரிய ஓடங்களில் வந்து குடியேறியவர்கள் அவர்கள். 1840-ஆம் ஆண்டில் மாவோரித் தலைவர்களுக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் இடையே வைத்தாங்கி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. எனினும், அதனைத் தொடர்ந்து வந்த ஆண்டுகளில் மாவோரி மக்களின் நிலத்தில் பெரும்பகுதி அவர்கள் கையை விட்டுப் போயிற்று. பள்ளிக்கூடங்களில் தாய்மொழி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். அவர்களுடைய மரபு வைத்தியர்கள் தொழில் செய்வதைத் தடுக்கும் சட்டம் ஒன்று 1907-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 1962-ஆம் ஆண்டில்தான் அச்சட்டம் நீக்கப்பட்டது.

நிலம் போனது, வறுமை வந்தது, வறுமையோடு நோயும் வந்தது. 1918-ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய கொடிய சளிக்காய்ச்சல் நியூசிலாந்தையும் தாக்கியது. அந்நோயினால் மாவோரி மக்கள் இறந்த விகிதம், அந்நாட்டில் குடியேறிய ஐரோப்பியர் இறந்த விகிதத்தைப் போல் ஏறத்தாழ 8 மடங்காகும். ஒரே நாட்டில், ஒரே நோயில் இத்துணை வேறுபாடு இருந்தது. ஆகவே, தம் மக்களைத் தம் மொழியில் பேசிப் பேணக்கூடிய தாதியர் தேவை என்பதை மாவோரித் தலைவர்கள் அன்றே உணர்ந்திருந்தனர்.

தனித்து நின்ற முன்னோடி

தாதியரைச் சட்டப்படி பதிவு செய்வதற்குத் தனிச் சட்டம் ஒன்றை 1901-ஆம் ஆண்டிலேயே இயற்றிய நாடு நியூசிலாந்து. அந்நாட்டின் தொடக்க கால மாவோரித் தாதியருள் ஒருவர் ஆக்கெனெஹி ஹெய் என்னும் பெண்மணி. நேப்பியர் நகர மருத்துவமனையில் பயிற்சி பெற்ற அவர், 1908-ஆம் ஆண்டில் தாதியாகவும் மகப்பேற்றுத் தாதியாகவும் தகுதி அடைந்தார். டைபாய்டு காய்ச்சல் பரவியிருந்த மாவோரிக் குடியிருப்புகளுக்கு அவர் அனுப்பப்பட்டார். அரசாங்கத்தின் சுகாதார விதிகளையும் தம் மக்களின் பழக்கவழக்கங்களையும் ஒருங்கே அறிந்தவர் என்பதால், இரண்டுக்கும் இடையில் பாலமாக நிற்கும் பொறுப்பு அவர்மீது விழுந்தது.

1910-ஆம் ஆண்டின் இறுதியில் அவருடைய குடும்பத்தினரையே டைபாய்டு தாக்கியது. அவர்களுக்குப் பணிவிடை செய்யச் சென்ற அவரையும் அந்நோய் பற்றிக்கொண்டது. அவ்வாண்டு நவம்பர்த் திங்களில் கிஸ்போர்ன் நகரில் அவர் காலமானார். அப்பொழுது அவருக்கு வயது முப்பதைச் சற்றே கடந்திருந்தது. தாதியாகத் தகுதி பெற்று இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன.

ஆக்கெனெஹி ஹெய்யின் தொண்டு போற்றத்தக்கது. ஆயினும், போற்றுவதோடு நாம் நின்றுவிடுதல் தகாது. வெளியே பணி, வீட்டிலும் அதே பணி என்று இரு பக்கத்திலும் சுமந்த அப்பெண்மணியின் நிலை, அவருக்குப் பின்வந்த மாவோரித் தாதியர் பலருக்கும் ஏதோ ஒரு வகையில் தொடர்ந்தது என்பதே நாம் கருத வேண்டியது.

இரட்டைச் சுமை

2023-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி நியூசிலாந்து மக்களில் 17.8 விழுக்காட்டினர் மாவோரி இனத்தவர். அதாவது, ஆறு பேரில் ஒருவருக்கும் சற்று அதிகம். தாதியரை எடுத்துக்கொண்டாலோ, பத்துப் பேரில் ஒருவர்கூட மாவோரி அல்லர். இதன் விளைவு யாது? பெரிய மருத்துவமனை ஒன்றின் ஒரு பிரிவில் ஒரே ஒரு மாவோரித் தாதி பணியாற்றும் நிலை பல இடங்களில் ஏற்படுகிறது.

மாவோரி மக்களின் வழக்கங்கள் சிலவற்றை அறிந்துகொண்டால், அத்தாதியின் நிலை நமக்கு விளங்கும். மனிதரின் தலையை அவர்கள் புனிதமாகக் கருதுகின்றனர். தலைக்கு வைத்த தலையணையைக் காலுக்கு வைத்தல் கூடாது. உண்ணும் மேசையின்மீது மலசலப் பாத்திரத்தை வைத்தல் ஆகாது. இறந்தவரின் உடலைத் தனியே விட்டுவிடக் கூடாது, உறவினர் எவரேனும் உடனிருத்தல் வேண்டும். குழந்தை பிறந்தபின் வெளிவரும் நஞ்சுக்கொடியைக் குடும்பத்தார் எடுத்துச் சென்று தம் மண்ணில் புதைப்பர். நஞ்சுக்கொடிக்கும் நிலத்திற்கும் மாவோரி மொழியில் ‘ஃபெனுவா’ என்னும் ஒரே சொல்தான் வழங்குகிறது. பிறந்த பிள்ளையை அதன் மண்ணோடு பிணைப்பது அச்சடங்கு என்க.

இவற்றை அறியாத மருத்துவமனை ஊழியர் தலையணையை மாற்றி வைத்துவிட்டால், முதியவர் ஒருவர் வாய் திறவாமல் மனம் நொந்து கிடப்பார். அடுத்த முறை நோய் வந்தால் மருத்துவமனைக்கே வரமாட்டார். இதனால் உயிரிழப்பும் நேரலாம். ஆகையால், இத்தகைய இடர்ப்பாடு எழும்போதெல்லாம் அப்பிரிவிலுள்ள மாவோரித் தாதியையே அழைக்கின்றனர். “இவர் என்ன கூறுகிறார், கேட்டுச் சொல்லுங்கள்” என்பர். “குடும்பத்தார் அழுகின்றனர், நீங்கள் போய்ப் பேசுங்கள்” என்பர். அவரும் ஓடிச் சென்று பேசுவார். ஆனால், அவருக்கென ஒதுக்கப்பட்ட நோயாளிகளின் எண்ணிக்கை குறைக்கப்படுவதில்லை. ஒரு சம்பளத்திற்கு இரண்டு வேலை நடைபெறுகிறது. இரண்டாவது வேலை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

வேலை முடிந்து வீடு திரும்பினாலும் ஓய்வு இல்லை. ‘நம் பெண் தாதியாக இருக்கிறாள்’ என்று சுற்றத்தார் அனைவரும் அவரையே நாடி வருவர். நம் தோட்டத்தில் சாவு வீடு என்றால் வேலையையும் விட்டு அனைவரும் கூடுவது போல, மாவோரி மக்களும் இறந்தவரைச் சூழ்ந்து ஏறத்தாழ மூன்று நாள் தங்கியிருந்து துக்கம் காப்பர். நியூசிலாந்தின் 2003-ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டம் நெருங்கிய உறவினர் இறந்தால் 3 நாளும், மற்றோர் இறந்தால் 1 நாளும் துக்க விடுப்பு அளிக்கிறது. சுற்றம் பெரிதாக உள்ள தாதிக்கு இது போதாது. போகாவிட்டால் குடும்பத்தில் குறை, போனால் மருத்துவமனையில் குறை. இவ்வாறு இரு பக்கமும் இழுபட்டு, உடலும் மனமும் தளர்ந்து, வேலையையே விட்டுவிடுவோரும் உளர். ஒரு தாதி வேலையை விட்டால் அவர் பல்லாண்டு கற்ற கல்வியும் உடன் போகிறது. அவரையே நம்பியிருந்த மக்களுக்கும் அது பேரிழப்பாகும்.

ஒரு மாணவியின் கேள்வி

1980-ஆம் ஆண்டுகளில் மாவோரித் தாதியர் ஒன்றுகூடித் தமக்கென ஒரு தேசிய மன்றம் அமைத்துக்கொண்டனர். 1988-ஆம் ஆண்டில் கிறைஸ்ட்சர்ச் நகரில் தாதிமைக் கல்வி பற்றிய கூட்டம் ஒன்று நடைபெற்றது. சட்டத்தால் பாதுகாப்பு, ஒழுக்க நெறியால் பாதுகாப்பு, தொழில் திறமையால் பாதுகாப்பு என்று பெரியோர் பலவாறாகப் பேசினர். அப்பொழுது முதலாண்டு மாவோரி மாணவி ஒருவர் எழுந்தார். இத்தனை பாதுகாப்புகளைப் பற்றிப் பேசுகிறீர்களே, பண்பாட்டுக்குப் பாதுகாப்பு எங்கே என்னும் கருத்துப்பட அவர் வினவினார்.

அக்கேள்வி அவையோரைச் சிந்திக்க வைத்தது. இரிஹாபெத்தி ராம்ஸ்டன் என்னும் மாவோரித் தாதி அதனை விரித்து, ஒரு முழுக் கல்வித் திட்டமாக்கினார். அவர் தாதியாகவும் ஆசிரியையாகவும் விளங்கியவர். 1990-ஆம் ஆண்டில் அவர் அளித்த அறிக்கையின் சாரம் இதுவாகும்: தாதி முதலில் தம்முடைய பழக்கங்களையும் தம் கையிலுள்ள அதிகாரத்தையும் தாமே ஆராய்ந்து பார்த்தல் வேண்டும். தாம் அளித்த பணிவிடை பாதுகாப்பானதா அன்றா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் தாதி அல்லர், அதனைப் பெற்றுக்கொண்டவரே.

1992-ஆம் ஆண்டில் நியூசிலாந்துத் தாதியர் மன்றம் இதனைப் பயிற்சியின் பகுதியாக ஏற்றுக்கொண்டது. எதிர்ப்பு இல்லாமல் இல்லை. தாதிக்கு ஊசி போடத் தெரிந்தால் போதாதா, பண்பாடு எதற்கு என்று செய்தித்தாள்களில் சிலர் வாதிட்டனர். 1995-ஆம் ஆண்டில் நாடாளுமன்றக் குழு ஒன்றும் இதனை ஆராய்ந்தது. எனினும் பாடம் நீக்கப்படவில்லை, நிலைபெற்றது. 2003-ஆம் ஆண்டில் ராம்ஸ்டன் அம்மையார் மறைந்தபோது, அவர் தந்த கருத்து கடல் கடந்து ஆஸ்திரேலியா, கனடா முதலிய நாடுகளின் பூர்வகுடித் தாதியரிடமும் சென்று சேர்ந்திருந்தது.

இங்கே ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். அன்று எழுந்து கேட்ட மாணவி நோயாளிக்காக மட்டும் கேட்கவில்லை. தாமும் அந்த வகுப்பறையில் பாதுகாப்பாக அமர்ந்து கற்க வேண்டும் என்பதும் அக்கேள்வியில் அடங்கியிருந்தது. நோயாளியின் நலமும் தாதியின் நலமும் ஒரே கூரையின் கீழ் இருப்பவை.

நான்கு சுவர் வீடு

மேசன் டூரி என்னும் மாவோரி மனநல மருத்துவர் 1984-ஆம் ஆண்டில் ஓர் எளிய உவமையால் உடல்நலத்தை விளக்கினார். மனிதரின் நலம் நான்கு சுவர்களை உடைய ஒரு வீடு. ஒரு சுவர் உடல், இன்னொரு சுவர் மனம், மூன்றாவது ஆன்மா, நான்காவது குடும்பமும் சுற்றமும். நான்கும் நேராக நின்றால்தான் கூரை நிற்கும். ஒன்று சாய்ந்தாலும் வீடு ஆட்டம் காணும்.

இவ்வுவமை நோயாளிகளுக்காகவே கூறப்பட்டதெனினும், தாதியருக்கும் அப்படியே பொருந்துகிறது. ஓயாது இரவு வேலை செய்து உறக்கம் கெட்டால் உடற்சுவர் சாய்கிறது. தம் இனத்தாரைப் பற்றிச் சக ஊழியர் இழிவாகப் பேசுவதைக் கேட்டும் வாய்மூடி இருக்க நேர்ந்தால் மனச்சுவர் சாய்கிறது. இறந்தவர் அருகில் நின்று, வழிபாடு செய்யவும் நேரமின்றி அடுத்த படுக்கைக்கு ஓட நேர்ந்தால் ஆன்மாவின் சுவர் சாய்கிறது. உற்றார் துக்கத்திற்கும் போக முடியாவிட்டால் சுற்றத்தின் சுவர் சாய்கிறது. அத்தகைய தாதியிடம் சத்துணவு உண்ணுங்கள், உடற்பயிற்சி செய்யுங்கள் என்று மட்டும் அறிவுரை கூறுவது, ஒரு சுவருக்குச் சுண்ணாம்பு பூசிவிட்டு மற்ற மூன்றையும் பாராமல் விடுவதற்கு ஒப்பாகும்.

அக்காளும் தங்கையும்

இந்நான்கு சுவர்களையும் தாங்கிப் பிடிக்க மாவோரித் தாதியர் கையாளும் முறை, அவர்களுடைய குடும்ப மரபிலிருந்தே பிறந்தது. மாவோரி மொழியில் ஒரு பெண்ணின் அக்காளைத் ‘துவாக்கானா’ என்றும், தங்கையைத் ‘தெய்னா’ என்றும் அழைப்பர். ஆண்களிடையே அண்ணனுக்கும் தம்பிக்கும் இதே சொற்கள் வழங்குகின்றன. மூத்தவர் இளையவருக்கு வழிகாட்ட வேண்டும் என்பது இவ்வுறவின் கடமை. அனுபவம் மிக்க தாதி அக்காளாகவும், புதிதாக வந்தவர் தங்கையாகவும் இருந்து இவ்வுறவைப் பேணுகின்றனர்.

இஃது எவ்வாறு நடைபெறுகிறது? இருவரும் முதலில் சந்திக்கும்போது தொழிலைப் பற்றிப் பேசுவதில்லை. தம் குலத்திற்குரிய மலை எது, ஆறு எது, முன்னோர் வந்த ஓடம் எது என்பதைக் கூறிய பின்னரே தம் பெயரைக் கூறுவர். புதிதாக ஒருவரைக் கண்டால், “எந்தத் தோட்டம்? யார் மகள்?” என்று நாம் வினவுவதில்லையா? அதுபோன்றதே இதுவும். உறவு தெரிந்தபின் பேச்சில் கூச்சம் இராது. வழிபாட்டோடு தொடங்கி, குறித்த கால இடைவெளியில் இருவரும் அமர்ந்து பேசுவர். எந்த நோயாளியின் மரணம் மனத்தை உறுத்துகிறது, எந்தச் சொல் புண்படுத்தியது, அடுத்த முறை மேலதிகாரியிடம் எவ்வாறு எடுத்துரைப்பது என்பனவெல்லாம் அங்கே பேசப்படும். இதனை அங்கு மேற்பார்வை என்ற பொருள்படும் சொல்லால் குறிக்கின்றனர். ஆயினும், கணக்கெடுத்துக் குறை காணும் மேற்பார்வை அன்று இது. பேசியவை வெளியே போகா. குலத்தின் முதியோரும் சில வேளைகளில் உடனிருந்து அறிவுரை வழங்குவர்.

இவ்வுறவில் இன்னுமொரு சிறப்பு உண்டு. இளையவருக்கு ஒன்று நன்கு தெரிந்திருப்பின் மூத்தவரே மாணவராகிவிடுவார். பள்ளியில் தாய்மொழியை இழந்த தலைமுறையைச் சேர்ந்த மூத்த தாதிக்கு, மாவோரி மொழியைக் கற்று வந்த இளம் தாதி மொழியைக் கற்றுக்கொடுப்பதும் உண்டு. வாங்குபவர் மட்டுமே என்றோ கொடுப்பவர் மட்டுமே என்றோ அங்கு எவரும் இல்லை. ஆகவே, உதவி பெறுவதில் தாழ்வு தோன்றுவதில்லை.

மாவோரி மாணவர்க்கெனத் தனித் தாதிமைப் பட்டப்படிப்புகளும் இந்நூற்றாண்டில் அங்குத் தொடங்கப்பட்டுள்ளன. ஒரு வகுப்பில் ஒருவராகத் தனித்து அமர்ந்திருந்த நிலை மாறி, பலர் ஒன்றாக அமர்ந்து கற்கும் நிலை அவற்றால் ஏற்பட்டது. 2021-ஆம் ஆண்டில் கோவிட் தடுப்பூசி போடப்பட்டபோது, மருத்துவமனைக்கு வரத் தயங்கிய முதியோர் தம் சமூகக் கூடங்களில் தம் இனத் தாதியர் கையால் ஊசி போட்டுக்கொண்டனர். முகம் தெரிந்தவர் கை என்றால் அச்சம் குறையும் அன்றோ!

நாம் கொள்ளத்தக்கது

பால்மரம் சீவப் பழகிய முதல் நாளை நம் நேயர்கள் நினைவுகூர்தல் வேண்டும். கத்தியைக் கையில் கொடுத்து, போய்ச் சீவு என்று எவரும் நம்மைத் தனியே அனுப்பிவிடவில்லை. தாயோ, தமக்கையோ, பக்கத்து நிரையில் சீவிய மூத்தவரோ நம் கையைப் பிடித்துக் கத்தியின் சாய்வைக் காட்டினார். ஆழமாக இறக்கினால் மரத்திற்குக் காயம்படும், காயம்பட்ட இடத்தில் புதுப்பட்டை மேடும் முடிச்சுமாகவே வளரும் என்று சொல்லிக்கொடுத்தார். மரத்திற்கே அத்துணைக் கவனம் வேண்டுமெனின், மனித உயிரைக் கையில் ஏந்துகிற இளம் பெண்ணுக்கு எத்துணைக் கவனம் வேண்டும்!

நாமும் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில், முதல் வகுப்பில் சுண்ணக்கட்டி கையில் நடுங்க நின்றதுண்டு. கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மூத்த ஆசிரியர் ஒருவர் வகுப்பு முடிந்ததும் குறை எதுவும் கூறவில்லை. தேநீர் வாங்கிக் கொடுத்து, தாம் முதல் நாளில் செய்த பிழைகளைச் சொல்லிச் சிரித்தார். மறுநாள் நமக்குக் கை நடுங்கவில்லை.

ஆகவே, தாதிமைப் பயிற்சிக்குச் சென்றுள்ள மகளிடமிருந்து கடிதமோ தொலைபேசிச் செய்தியோ வரும்போது, “நன்றாகப் படிக்கிறாயா? எப்பொழுது சம்பளம் வரும்?” என்று மட்டும் கேளாதிருப்போம். “உறங்கினாயா? உன்னோடு பேச அங்கு யார் இருக்கிறார்கள்?” என்றும் கேட்போம். விடுப்பில் வீடு வந்தால், அக்கம்பக்கத்தார் நோய்களையெல்லாம் அவளிடம் காட்டுவதற்கு முன் ஒரு நாளாவது ஓய்வு கொடுப்போம். தோட்டத்திலிருந்து முன்னரே தாதியாகச் சென்றுள்ளவர் எவரேனும் இருப்பின், புதிதாகச் செல்லும் பெண்ணை அவருக்கு அறிமுகப்படுத்தி வைப்போம். இதற்குப் பணம் வேண்டியதில்லை, மனம் இருந்தால் போதும்.

முன்னரே தாதியாகப் பணியாற்றுவோருக்கும் நாம் ஒன்று சொல்ல விரும்புகிறோம். அடுத்த முறை உங்கள் பிரிவில் புதிதாக ஒரு பெண் வந்து ஓரமாக நின்றால், அவளை அழைத்துப் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளுங்கள். நீங்கள் முதல் நாள் நின்ற நிலை உங்களுக்கு மறந்திராது.